பத்தாயிரம் வருடத்துத் தாய்மாமன்

எச்சில்தானே, கேட்டால் சும்மா துப்பிவிட்டுப் போவார்கள் என்று பெங்களூரிலிருந்து ஓசூர்த் தொழிற்சாலைக்கு வந்த மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். முதல் நாள் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள், எச்சில் கொடுப்பவர்களுக்கெல்லாம் கேன்டீனில் நெய் கேசரி என்று தொழிற்சாலையில் அறிவித்தார்கள். வரிசை பைக் ஸ்டாண்டைத் தாண்டிப் போனது. அதிலும் பாதிப் பேர் கேசரியை முதலில் வாங்கித் தின்றுவிட்டு வந்து நின்றார்கள். தின்ற வாயோடு கொடுத்தால் சோதனைக்கு ஆகாது, கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று லாவண்யா என்கிற அந்த ஆராய்ச்சி மாணவி காலில் விழாத குறையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது.

பூங்கொடி கேசரிக்காகப் போகவில்லை. அறிவிப்புப் பலகையில் 'உங்கள் தாய்வழியை அறியுங்கள்' என்று போட்டிருந்தது. அந்தத் தாய்வழி என்ற சொல்தான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

தாய்வழி என்றால் என்ன என்று நம் ஊரில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தாய்வழி என்றால் தாய்மாமன். பிள்ளைக்கு மொட்டை போடவும் காது குத்தவும் அவன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் பச்சை ஓலை கட்ட அவன் வேண்டும். சீர் குறைந்துபோனால் வாய்நிறைய ஏசுவதற்கும் அவனேதான் வேண்டும். பூங்கொடிக்கு அப்படி ஒருத்தர் கிடையாது. கூடப் பிறந்தவர்கள் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவள் அம்மாவுக்கே பிறந்த வீடு எதுவென்று தெரியாது.

அம்மா நஞ்சம்மா குந்தாரப்பள்ளிச் சந்தையில் தொலைந்துபோன குழந்தை. பேச்சு சரியாக வராத வயதில், சந்தை கலைந்த பிறகு, மாடு கட்டும் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றிருக்கிறாள். டீக்கடை ஆஞ்சப்பன் தூக்கிக்கொண்டு போய்ப் பால் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த சந்தைகளில் எல்லாம் அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு சுற்றியும், எங்கள் பிள்ளை என்று சொல்லி யாரும் வரவில்லை. எந்த மொழிக்காரப் பிள்ளை என்று கேட்டவர்களிடம், தமிழில் அழுதாளா கன்னடத்தில் அழுதாளா தெலுங்கில் அழுதாளா, எனக்கென்ன தெரியும் என்பாராம். அவரே வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். இப்போது அவரும் இல்லை, அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பூங்கொடியிடம் மிஞ்சியது இந்தச் சந்தைக் கதை ஒன்றுதான்.

கதையோடு வாழ்ந்துவிடலாம்தான். ஆனால் மகள் ஹரிணிக்கு மூன்று வயது ஆகப்போகிறது, தை பிறந்தால் காது குத்தியாக வேண்டும் என்று மாமியார் சரஸ்வதி நாள் பார்த்துவிட்டாள்.

"பொட்டப்புள்ள மூளிக் காதோட சுத்திக்கிட்டுக் கெடக்குது. எந்த மாமன் மடியில ஒக்கார வெக்கறது, சொல்லு? ஒண்ணும் இல்லாட்டி எங்கண்ணன் மவன் விஜயகுமாரு இருக்கான். அவனும் மாமன் மொறதான்."

"அவரு உங்க வழி அத்தே. எங்கம்மா வழி இல்லியே."

"உங்கம்மா வழின்னு ஒண்ணு இருந்தாத் தேடலாம். இல்லாததுக்கு எங்க போவ?"

சரஸ்வதி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். உள்ளதைச் சொன்னால்தானே சுருக்கென்று குத்துகிறது. பூங்கொடிக்குக் காது குத்தியபோது அப்பாவின் லாரி கிளீனர் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அந்த ஆள் அடுத்த மாதமே வேறு வண்டிக்குப் போய்விட்டான். இன்றுவரை முகம் தெரியாது. தன் மகளாவது ஒரு உண்மையான மாமன் மடியில் உட்கார வேண்டும் என்பது பூங்கொடியின் ஆசை. ஆசை என்ன, பிடிவாதம்.

பூங்கொடி அந்தத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்பவள். வண்டிகளுக்குப் போகும் இரும்புப் பாகங்களை அளந்து, தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தேறாததைக் கழித்துக்கட்டுவது வேலை. ஒவ்வொரு பாகத்திலும் ஹீட் நம்பர் என்று ஒன்றைப் பொறித்திருப்பார்கள். எந்த உலையில் எந்த உருக்கில் பிறந்த இரும்பு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். எங்கோ வடக்கே ஒரு வண்டியில் விரிசல் விட்டாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே உலை வாசல்வரை போய் நின்றுவிடுவாள். இரும்புக்கே பிறந்த இடம் கண்டுபிடிக்க முடியும்போது மனுஷிக்கு முடியாதா என்று அவளுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

லாவண்யாவிடம் குழாயில் எச்சிலைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள், "இது எங்கம்மாகிட்டேருந்து மட்டும் வர்றதாங்க?"

"ஆமாங்க. அம்மாகிட்டேருந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் வரும், பையனுக்கும் வரும் பொண்ணுக்கும் வரும். ஆனா பொண்ணுங்க மட்டும்தான் அதைத் தன்னோட பிள்ளைங்களுக்குக் குடுக்க முடியும். பையன்கிட்ட இருக்கும், அவனோட முடிஞ்சிரும்."

"அப்ப எம்பொண்ணுக்கு அவங்கப்பா வழியில?"

"வேற எல்லாம் வரும். இது மட்டும் வராது."

"ஹீட் நம்பர் மாதிரிதான்," என்று பூங்கொடி விளக்கினாள். லாவண்யாவுக்கு அந்த உவமை பிடித்துவிட்டது. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள். அந்தக் கிட்டத்தட்டவில்தான் வில்லங்கம் முழுவதும் இருந்தது. பூங்கொடி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீபாவளி கழிந்து முடிவுகள் அவரவர் போனுக்கு வந்தன. பூங்கொடிக்கு எம்-2 என்றும் அதன் பின்னால் வால் போலச் சில எழுத்துகளும் இருந்தன. கீழே தமிழில் எழுதியிருந்தார்கள். இந்தத் தாய்வழி இந்த மண்ணில் மிகப் பழையது. ஐம்பதாயிரம் வருடம் இருக்கலாம். விதைக்கவும் அறுக்கவும் தெரிவதற்கு வெகு காலத்துக்கு முன்னால், வேட்டையாடியும் காட்டில் கிடைத்ததைப் பொறுக்கித் தின்றும் வாழ்ந்த கூட்டத்தில் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது.

அவள் அதைப் பத்துத் தடவை படித்தாள். வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தெரியும் கரட்டுக் குன்றுகளை இத்தனை வருடம் வெறும் கல்லாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது அவற்றின் சரிவில் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குச்சியால் கிழங்கு தோண்டுவதுபோல் இருந்தது. அவளுக்குப் பெயர் இருந்திருக்குமா? அவள் காதில் ஓட்டை இருந்திருக்குமா, இருந்தால் யார் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டாள்? இப்படியே யோசித்து ஒருநாள் இறங்க வேண்டிய கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

கேன்டீனில் வேறு கூத்து. பரீட்சை மார்க்கைப்போல எல்லோரும் எழுத்துகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இதுல எது ஒசத்தி?" என்று முதல் கேள்வி கேட்டவர் சூப்பர்வைசர் சௌந்தரராஜன். நம் ஆட்களிடம் எதைக் கொடுத்தாலும் மேல் எது கீழ் எது என்று தராசைத் தூக்கிவிடுவார்கள். எச்சிலைக்கூட விடமாட்டார்கள். ஒசத்தி தாழ்த்தி இல்லை சார், சிலது கொஞ்சம் பழசு, அவ்வளவுதான் என்று லாவண்யா போனில் சொன்னாளாம். பழசு என்றால் ஒசத்திதானே என்று எம் எழுத்துக்காரர்கள் அன்றைக்கு முழுவதும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்பர் பாஷா தன் போனைப் பூங்கொடியிடம் நீட்டினார். "மேடம், எனக்கும் எம்தான் போட்டிருக்குது. வாலு மட்டும் என்னான்னு புரியல."

பூங்கொடி தன் போனைப் பக்கத்தில் வைத்து, பாகங்களைப் பார்ப்பதுபோலவே எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். கடைசி எழுத்துவரை ஒன்றாக இருந்தது.

"உங்கம்மா எந்த ஊரு பாய்?"

"நாங்க இருக்கறது கெலமங்கலம். அம்மா பொறந்தது குந்தாரப்பள்ளி. எங்க தாத்தா அந்த ஊருச் சந்தையில மாட்டுத் தரகரு. ஏன் மேடம்?"

பூங்கொடி இரண்டு போனையும் மறுபடி பார்த்தாள். ஒரே ஹீட் நம்பர். ஒரே சந்தை. இதற்கு மேல் என்ன ருசு வேண்டும்? அக்பர் பாஷாவின் அம்மாவுடைய தங்கைதான் சந்தையில் தொலைந்த தன் அம்மா என்று அவள் அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டாள். அப்படியானால் அவர் அவளுக்குப் பெரியம்மா மகன், கூடப் பிறக்காத அண்ணன். ஹரிணிக்கு முழுசாக ஒரு தாய்மாமன்.

ஞாயிற்றுக்கிழமை ஹரிணியைத் தூக்கிக்கொண்டு கெலமங்கலத்துக்கு பஸ் ஏறினாள். கணவன் மோகன்குமார், வேலை இருக்கிறது என்று நைசாக நழுவிவிட்டான். அவனுக்கு இதில் நம்பிக்கையும் இல்லை, தடுக்கத் தைரியமும் இல்லை.

அக்பர் பாஷாவின் அம்மா காத்தூன் வாசலில் ஆட்டுக்குட்டிகளுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தார். பூங்கொடி உட்கார்ந்த கையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல், சந்தைக் கதையை முழுவதும் சொல்லிக் கேட்டாள். "அம்மா, உங்க வீட்ல ஒரு பொண்ணு காணாமப்போச்சுங்களா?"

காத்தூன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இல்ல கண்ணு. எங்கம்மாவுக்கு நான் ஒருத்திதான் பொண்ணு. எங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த பொம்பளைங்களும் கெடையாது. எங்க வீட்ல தொலையணும்னா நான்தான் தொலஞ்சிருக்கணும்."

பூங்கொடி விடவில்லை. லாவண்யாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் லாவண்யா பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, ஒரே எழுத்துன்னா ஒரே வீடுன்னு அர்த்தம் இல்லக்கா. இந்தக் கிளை பிரிஞ்சே எட்டாயிரம் பத்தாயிரம் வருஷம் இருக்கும். இதே எழுத்துக்காரங்க நம்ம பக்கம் எத்தனையோ பேரு இருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு அம்மா இருந்தது நெசம். ஆனா அவ எப்ப இருந்தா, எங்க இருந்தான்னு இதை வெச்சிச் சொல்ல முடியாது."

இரும்பில் ஒரே எண் என்றால் ஒரே உலை, ஒரே நாள். மனிதர்களில் ஒரே எண் என்றால் பத்தாயிரம் வருடம். ஐம்பதாயிரம் வருடத்துக்கு முந்தியவளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற சோதனைக்கு, ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவளைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. பூங்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. போனை அணைக்கப் போனாள்.

"இரு கண்ணு," என்று காத்தூன் கையைப் பிடித்துக்கொண்டு போனுக்கு நேராகக் குனிந்தார். "ஏம்மா, அந்தப் பொம்பள என்னா தின்னா?"

"கிழங்கு, தேனு, பழம், வேட்டையில கெடைச்ச கறி. அப்பிடித்தாம்மா இருந்திருக்கும்."

"ராகி?"

"வெவசாயமே அப்பறந்தாம்மா வந்துச்சு."

"ராகியில்லாம இந்தப் பக்கத்துல பொழப்பா!" காத்தூனுக்கு நம்ப முடியவில்லை. "தமிழு, கன்னடம்?"

"அதெல்லாம் அதுக்கப்பறம் பொறந்த பாஷைங்க."

"ராகியில்ல, நாம பேசற பேச்சில்ல, நோன்பில்ல, பொங்கலில்ல. அப்பிடியும் ஒருத்தி புள்ளையப் பெத்து வளத்து நம்ம வரைக்கும் கொண்டாந்துட்டா, பாரேன்." அவர் கொஞ்ச நேரம் அதையே வியந்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார். "இது பொண்ணு வழியாத்தான் போவும்னியே. எனக்கு நாலும் பசங்க. அப்ப அவ குடுத்தது எங்கிட்ட நின்னுபோச்சா?"

லாவண்யா தயங்கினாள். "உங்க பசங்ககிட்ட இருக்கும்மா. அவங்க பிள்ளைங்களுக்குப் போவாது."

காத்தூன் வாழ்நாள் முழுவதும் ஒரு பெண்பிள்ளைக்கு ஏங்கியவர். பிறந்த நாலும் பையன்களாகப் போனதை ஊரே பாக்கியம் என்றபோது உள்ளுக்குள் அழுதவர். அந்த ஏக்கத்துக்கு இத்தனை வயதான பிறகு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வாசலில் ஹரிணி ஒரு ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பூங்கொடி அவளைப் பார்த்தாள், காத்தூனைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. "நிக்கலம்மா. அதே எழுத்துதான் இவகிட்டயும் இருக்குது. இவ பொண்ணுக்கும் போவும்."

"இவகிட்டயா?"

"எங்கிட்டேருந்து இவளுக்கு வந்திருக்குமில்ல. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே அம்மாதான். ரொம்பத் தூரத்து அம்மா, அவ்வளவுதான்."

காத்தூன் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினார். ஆட்டுக்குட்டியை விடமாட்டேன் என்று அது கத்தியது. குட்டியையும் சேர்த்தே தூக்கிக்கொண்டார்.

அக்பர் பாஷா அதுவரை தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மெதுவாகக் கேட்டார். "மேடம், இந்தப் பாப்பாவுக்கு இருக்கறது எனக்கும் இருக்குது. சரிங்களா?"

"ஆமாண்ணா." பாய் எப்போது அண்ணன் ஆனார் என்று பூங்கொடிக்கே தெரியவில்லை.

"பாப்பாவோட அப்பாருக்கு?"

"அவருக்கு இல்ல. அவருகிட்ட இருக்கறது அவங்கம்மா எழுத்து."

"அப்பனுக்கு இல்லாதது ஒரு ஆம்பளைக்கு இருக்குதுன்னா, அவன் மாமன்தானே? வேற யாரா இருக்க முடியும்?"

பூங்கொடிக்கு அது சட்டென்று விளங்கியது. காது குத்துகிற அன்று பிள்ளையைச் சுற்றி அப்பா, சித்தப்பா, தாத்தா என்று எத்தனை ஆண்கள் நின்றாலும், தாயின் அந்த எழுத்தை உடம்பில் வைத்திருப்பவன் மாமன். அவன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். எழுத்து தெரியாத காலத்திலேயே இதை யார் கண்டுபிடித்துச் சடங்காக்கி வைத்தார்கள்? தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

எதற்காக வந்தாள் என்பதை அப்போதுதான் அவள் வாயைத் திறந்து சொன்னாள். தை மாதம், காதுகுத்து, மடி. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தங்கச்சி இல்லம்மா," என்றார் அக்பர் பாஷா. 'மேடம்' என்ற சொல் காணாமல் போயிருந்தது. "ஊர்ல எத்தனையோ பேருக்கு மாமன் சீர் போறதப் பாத்திருக்கேன். நான் தட்டு எடுத்ததில்ல. உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?"

வீட்டில் சரஸ்வதி ஒத்துக்கொள்ளவில்லை. "என்னாடி உறவு இது? எத்தனை தலைமொறைக்கு முன்ன?"

"ஒரு நானூறு தலைமொறை இருக்கும் அத்தே."

"நானூறு தலைமொறையா ஒரு சீர் செனத்தி வெக்காதவன் என்னா மாமன்? அதுலயும் அவங்க வேற நாம வேற. ஊரு சிரிக்காதா?"

"உங்களுக்கு எங்கம்மா எந்த சாமியக் கும்பிட்ட வீட்ல பொறந்தான்னு தெரியுமா அத்தே? எனக்கும் தெரியாது. தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் வேணாம்னா எங்கிட்ட வேற என்னா இருக்குது?"

பூங்கொடியின் குரல் உடைந்ததும் மோகன்குமார் வாயைத் திறந்தான். கல்யாணமான ஏழு வருடத்தில் அம்மாவுக்கு எதிராக அவன் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். "வுடும்மா. எனக்கே இல்லாதது அவர்கிட்ட இருக்குதாம். வரட்டும்."

தை மாதம் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டார்கள். அக்பர் பாஷாவும் தம்பிகள் மூன்று பேரும் புதுச் சட்டையில் வரிசையாகத் தட்டு ஏந்திப் படியேறி வந்தார்கள். பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, வெற்றிலை பாக்கு, பழம், கல்கண்டு. ஒரு தட்டில் மலைத்தேன் பாட்டில் ஒன்று இருந்தது; அந்தப் பழைய அம்மாவின் வீட்டுச் சீராக இருக்கட்டும் என்று காத்தூன் வைக்கச் சொன்னாராம். சிரிக்க வந்த ஊர், தட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டது. சரஸ்வதியோ, பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க மருமவ வீட்டுச் சீரு," என்று இரண்டு தடவை சொன்னாள். சீர் என்று வந்துவிட்டால் எந்தச் சம்பந்தியால்தான் விறைப்பாக நிற்க முடியும்?

டன் கணக்கில் இரும்பைத் தூக்கி அசையாமல் அடுக்குகிற ஆள், மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்ததும் நடுங்கினார். ஆசாரி ஊசியை எடுத்தார். ஹரிணி வீரிட்டு மாமனின் கட்டை விரலைப் பற்கள் பதியக் கடித்தாள். அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை அழுததைவிட அவர் அதிகம் அழுதார். நாலு பேருக்கு முன்னால் என்ற கூச்சமே இல்லாமல் அழுதார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது காத்தூன் பூங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டார். "பெருநாளுக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துடணும். அதுக்கு முன்னாடியும் எப்ப வேணா வா. புருஷனோட சண்டைன்னா சொல்லாமக் கொள்ளாம பையத் தூக்கிக்கிட்டு வந்துடு. பொண்ணு கோவிச்சிக்கிட்டு வர்றதுக்குத்தான தாய்வீடு இருக்குது?"

அதைக் கேட்டதும் பூங்கொடி உடைந்து அழுதுவிட்டாள். மோகன்குமாரோடு அவளுக்கு எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கோபம் தலைக்கேறி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை வேகமாகப் போவாள். அங்கே நின்று யோசித்தால் எந்த பஸ்ஸில் ஏறுவதென்று தெரியாது. மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு, அதற்காகத்தான் வந்தவள்போலத் திரும்பிப் போய்ச் சோறு வடிப்பாள். வீட்டில் உப்பு மட்டும் எப்போதும் தீராமல் இருந்ததற்குக் காரணம் மோகன்குமாருக்கு இன்றுவரை தெரியாது.

விருந்தாளிகள் எல்லோரும் போனபிறகு, அவன் பாட்டுக்கு மாடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான், அப்பாவி. பூங்கொடி ஒரு ஓரமாக உட்கார்ந்து, இவனிடம் என்ன குற்றம் கண்டுபிடித்துச் சண்டை போடலாம், கெலமங்கலத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஆசை ஆசையாக யோசித்துக்கொண்டிருந்தாள்.